வேலூர் வெயிலுக்குப் போன லீவு

ஜன்னல் பக்கம் வர்றீங்களா சார்? வாங்க, வாங்க. எனக்கு இந்த மலையைப் பார்த்து ஆகப்போறது ஒண்ணுமில்ல. நீங்கதான் பாவம், மேட்டுப்பாளையத்துலேருந்து எட்டி எட்டிப் பார்த்துப் பாதி என் மடிக்கே வந்துட்டீங்க. நல்லா உக்காந்து பாருங்க. முன்னாடி நிக்குதே வேன், அதைப் பாருங்க. அதுக்கு முன்னாடி நிக்கற வேனையும் பாருங்க. மே மாசம் ஊட்டிக்கு வந்தா இயற்கைக் காட்சி இதுதான்.

ரூம் போட்டாச்சா? போட்டுட்டீங்களா? அப்ப சரி. இல்லைன்னா நான் என்ன வேலை பாக்கறேன்னு உங்ககிட்ட மூச்சு விட்டிருக்க மாட்டேன். லாட்ஜ் மேனேஜர் சார், ஊட்டியிலதான். லாட்ஜ் பேரு மட்டும் கேக்காதீங்க. போன வருஷம் இப்படித்தான் பஸ்ல ஒருத்தர்கிட்ட பேரைச் சொல்லித் தொலைச்சேன். மனுஷன் குடும்பத்தோட வந்து வராண்டாவுல பாயை விரிச்சிட்டார்.

உங்களைச் சொல்லல சார். உங்களைப் பார்த்தா விவரமானவரா இருக்கீங்க. பொதுவாச் சொல்றேன். கீழேருந்து வர்றவங்க மலை ஏறும்போது மூளையை மட்டும் அடிவாரத்துலயே இறக்கி வெச்சிட்டு வர்றாங்க. மதுரைப் பக்கத்துலேருந்து ஒரு அம்மா வந்தாங்க. ரூமுக்குள்ள போன வேகத்துல திரும்பி வந்து, "என்னங்க, ஃபேனே இல்லையே?"ங்கறாங்க. அம்மா, இது ஊட்டி, இங்க ஃபேன் எதுக்குன்னேன். "காத்துக்கு இல்லீங்க. அந்தக் கடகட சத்தம் இல்லாம எங்க வீட்டுக்காரர் தூங்க மாட்டார்." என்ன பண்ணச் சொல்றீங்க? நான் பக்கத்துல உக்காந்து கடகடன்னு சத்தம் குடுக்கட்டுமா?

இன்னொருத்தர் வந்தார். "பனிமூட்டம் எத்தனை மணிக்கு சார் வரும்?" வரும் சார், வரும்னேன். மத்தியானம் மறுபடி வந்து, "இன்னும் வரலையே, நாங்க மூணு மணிக்குக் கிளம்பணும்"கறார். என்னமோ நான் அதை ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டி வெச்சிருக்கற மாதிரி. அடுத்த நாள் வந்துச்சு பனிமூட்டம். எதிர்ல நிக்கற ஆள் தெரியாத அளவுக்கு வந்துச்சு. உடனே வேற ஒரு குடும்பம், "ஒண்ணுமே தெரியலை, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"னு என்கிட்ட சண்டைக்கு நிக்குது. ரெண்டு பேருக்குன்னு ரூம் போடுவாங்க, வேன் கதவைத் திறந்தா ஒரு கல்யாண வீடே இறங்கும்.

இத்தனையும் சகிச்சுக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போவேன். வீடுன்னா லாட்ஜுக்குப் பின்னாடியே குவார்ட்டர்ஸ். அங்க அம்சவேணி இருப்பா. என் சம்சாரம். அவளுக்கு என்ன சார், வேலையா ஒண்ணா? சீசன்ல சமையல்காரர் வரலைன்னா கெஸ்ட்டுங்களுக்கு இட்லி ஊத்திக் குடுப்பா. தலகாணி உறை கிழிஞ்சா தைச்சுப் போடுவா. எந்தக் குழந்தைக்காவது குளிர்ல காய்ச்சல் வந்தா கஷாயம் வெச்சு எடுத்துட்டு ஓடுவா. மத்தபடி சும்மாதான் இருக்கா. நான் ஷூவைக் கழட்டறதுக்குள்ள வெந்நீர் விளாவி வெச்சு, காபி குடுத்து, எதிர்ல வந்து உக்காந்துக்குவா. அன்னிக்கு நடந்ததை ஒண்ணு விடாமச் சொல்லுவேன். சாப்பிட்டுக்கிட்டே சொல்லுவேன். படுத்துக்கிட்டும் சொல்லுவேன். குறுக்க ஒரு வார்த்தை பேச மாட்டா. தூங்கிட்டாளோன்னு உலுக்கிப் பார்ப்பேன், "ம்"பா. அப்படி ஒரு சம்சாரம் அமையணும் சார்.

அவகிட்ட அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு ஒரு ஆசையே வந்துச்சு. ஒரு தடவையாவது நானும் கெஸ்ட்டா இருக்கணும். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்னு பார்க்கணும். எங்க போறது? கொடைக்கானல்னா அங்கயும் இதே வேன். கடற்கரைன்னா அங்கயும் இதே குடும்பம். டூர்னு ஒரு ஈ காக்கா மே மாசத்துல எட்டிப் பார்க்காத ஊரா இருக்கணும். யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அப்பதான் வேணியோட அக்கா சுலோச்சனா வேலூர்லேருந்து போன்ல, "வெயில் மண்டையைப் பிளக்குதுடி, தெருவுல நாய்கூட நடக்கலை"ன்னு சொல்றது என் காதுல விழுந்துச்சு. நாய்கூட நடக்காத ஊர்! எனக்கு உள்ளுக்குள்ள ஜில்லுனு இருந்துச்சு சார்.

அன்னிலேருந்து அதே நெனப்புதான். மத்தவங்க டிவியில பாட்டு பார்ப்பாங்க, நான் வெயில் செய்தி பார்ப்பேன். "வேலூரில் அனல் காற்று, பொதுமக்கள் வெளியே வர வேண்டாம்"னு சொன்னா எனக்குப் புல்லரிக்கும். கெஸ்ட்டு வந்து கத்தும்போது, கத்து கத்து, இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் நான் வேலூர்ல வேர்த்து வழிஞ்சுக்கிட்டு இருப்பேன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். வேர்வைன்னு ஒண்ணு எனக்கு வந்து வருஷக்கணக்கு ஆச்சு சார். மஃப்ளர் இல்லாம, ஸ்வெட்டர் இல்லாம, பனியன் முதுகுல ஒட்டி, கையில ஒரு நுங்கு. பெட்டியில ஒரு ஸ்வெட்டர்கூட வைக்காதேன்னு வேணிகிட்ட சொன்னேன். சிரிச்சா. அவ சிரிச்சு நாளாச்சு.

லீவு கேக்க முதலாளிகிட்ட போனேன். நஞ்சுண்டன்னு பேரு. இந்த ஆளுகிட்ட இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடணும், நான் இல்லாம நடத்திப் பாருங்க, அப்பத்தான் என் அருமை தெரியும்னு நறுக்குனு கேட்டுடணும்னு போனேன்.

"என்ன குணசீலா?"ன்னார்.

"கொஞ்சம் அசதியா இருக்குங்க"ன்னேன்.

"மே மாசத்துல லீவா? சரி, உடம்பு முக்கியம், போயிட்டு வா"ன்னுட்டார். அவ்வளவுதான். எனக்கே சப்புனு ஆயிடுச்சு. கதவுகிட்ட போனதும் கூப்பிட்டார். "வேணியம்மா இங்கதானே இருப்பாங்க?"

"இல்லீங்க, அவளும்தான் வர்றா."

மனுஷன் நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டார். "ஐயையோ! அவங்களும் போனா எப்படிப்பா? சீசன் ஆச்சே! நீ மட்டும் போயிட்டு வாயேன்!"

புரியுதா சார்? என்னை விட மனசில்ல. அதை வாய் விட்டுச் சொல்ல கௌரவம் தடுக்குது. அதான் அவளைச் சாக்கா இழுக்கறார். பெரிய மனுஷங்க பேச்சை இப்படித்தான் உள்ள புகுந்து புரிஞ்சுக்கணும்.

ஒருவழியா வேலூர் போய்ச் சேர்ந்தோம். சுலோச்சனா வீடு சத்துவாச்சாரியில, வாசல்ல மாமரத்தோட. "வீடு இருக்கும்போது லாட்ஜ் எதுக்கு தம்பி?"ன்னு அவங்க கேட்டாங்க. நான் ஒரே பிடியா நின்னுட்டேன். சொந்தக்காரங்க வீட்டுல தங்கினா அது லீவா? ரூம் போடணும், மணி அடிக்கணும், நாலு குத்தம் சொல்லணும், அதுக்குத்தானே வந்தோம். உடனே வேணி, "அப்ப நீங்க லாட்ஜ்ல இருங்க, நான் அக்காகூட இருந்துக்கறேன்"னா. டக்குனு சொன்னா. யோசிக்கவே இல்ல. எனக்காக எப்படி விட்டுக்குடுக்கறா பாருங்க.

லாட்ஜ் கவுன்ட்டர்ல இம்தியாஸ்னு ஒரு பாய். என் வயசுதான் இருக்கும். என்னை மாதிரியே கண்ணுக்குக் கீழ கருவளையம். உள்ள பார்த்தா வராண்டா முழுக்க ஜனம். தூக்கிவாரிப் போட்டுச்சு. நாய் நடக்காத ஊர்ல இத்தனை பேருக்கு என்ன வேலை? ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களாம் சார். கல்கத்தாவுலேருந்து, அஸ்ஸாம்லேருந்து. கையில எக்ஸ்ரே கவர், முகத்துல ஈயாடலை. "ஏன் பாய், லாட்ஜுன்னா ஒரு களை வேணாமா? ஒருத்தர் முகத்துலயாவது சிரிப்பு இருக்கா?"ன்னு கேட்டேன்.

"வைத்தியத்துக்கு வந்தவங்க சார். நீங்க யாரைப் பார்க்க வந்தீங்க?"

"யாரையும் இல்ல. வெயிலுக்கு வந்தேன்."

பேனாவைக் கீழ வெச்சார். "வெயிலுக்கா? எங்கேருந்து?"

"ஊட்டியிலேருந்து."

என்னை மேலேயும் கீழேயும் பார்த்துட்டு, ரொம்ப அன்பா, "எந்த டாக்டர்கிட்ட சார் காட்டறீங்க?"ன்னார்.

ஏசி ரூம் வேணுமான்னு கேட்டார். ஏசியா? ஃபேனே வேணாம், வேணும்னா அதையும் கழட்டிட்டுப் போங்கன்னேன். கட்டில்ல உக்காந்தேன். வேர்த்துச்சு சார்! நெத்தியில, கழுத்துல, முதுகுல. சொர்க்கம். வேணிக்கு போன் போட்டு, "வேர்க்குது வேணி!"ன்னு கத்தினேன். அப்புறமும் வேர்த்துச்சு. அதுக்கப்புறமும் வேர்த்துச்சு. நிறுத்தவே தெரியலை அதுக்கு. கீழ இறங்கிப் போய், "பாய், வெயில் எப்ப குறையும்?"னேன்.

"ஜூன்ல சார்."

"இன்னிக்கு?"

"சாயங்காலம் காத்து வரும் சார்."

சாயங்காலம் போய், காத்து வரும்னீங்களே, எங்கன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே? பொறுப்புல இருக்கறவர் ஒண்ணு சொன்னா அது நடக்கணுமா இல்லையா? காலையில வெந்நீர் கேட்டேன், அது பழக்க தோஷம். மத்தியானம் குழாயைத் திறந்தா கை வெந்துபோச்சு. பச்சத்தண்ணி இல்லையான்னா, "காலையில வெந்நீர் கேட்டீங்களே சார்"ங்கறார். எகத்தாளத்தைப் பாருங்க! எங்க கெஸ்ட்டுகிட்ட நான் ஒரு நாள் இப்படிப் பேசியிருப்பேனா? மனசுக்குள்ள பேசுவேன், அது வேற. ஜன்னலைத் திறந்தா கோட்டை தெரியற மாதிரி ரூம் வேணும்னேன், ஏன்னா என் ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டடத்து ஏசி மெஷின் மூஞ்சிக்கு நேரா அனலை ஊதுது. "பாக்கறேன் சார்"னார். எனக்குத் தெரியாதா? நானும் இதே தொழில்தானே. பாக்கறேன்னா பாக்க மாட்டேன்னு அர்த்தம்.

பக்கத்து ரூம்ல கல்கத்தாப் பக்கத்து அம்மா ஒருத்தங்க. வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. மொட்டை மாடியில அடுப்பு வெச்சு, கடுகெண்ணெயில மீனை வறுத்து டிபன் கேரியர்ல எடுத்துட்டுப் போவாங்க. அந்த வாடை நேரா என் ரூமுக்குத்தான் வரும். பாய்கிட்ட போய்ச் சொன்னேன். "அவங்க வீட்டுக்காரருக்கு இந்த வாரம் ஆபரேஷன் சார், கொஞ்சம் பொறுத்துக்குங்க"ன்னார். பாவம்தான், நான் இல்லைன்னு சொல்லலையே. ஆனா வாடை எனக்கில்ல வருது?

இதையெல்லாம் யார்கிட்ட சொல்றது? வேணிக்கு போன் போட்டா எடுக்க மாட்டேங்கறா. ஒரு நாள் கேட்டா அக்காவோட சினிமாவுக்குப் போயிருந்தாளாம். இன்னொரு நாள் தூங்கிட்டு இருந்தாளாம், பட்டப்பகல்ல. ஊட்டியில அவ பகல்ல கண்ணை மூடி நான் பார்த்ததே இல்ல. அந்த அளவுக்கு வெயில் அவளை வாட்டியிருக்கு, வெளிய சொல்லல. எனக்கோ நடந்தது எல்லாம் நெஞ்சுலயே தேங்கி நிக்குது. கடைசியில இம்தியாஸைப் பத்தி இம்தியாஸ்கிட்டயே உக்காந்து சொல்ல வேண்டியதாப் போச்சு. அவருக்கு வேணி மாதிரி கேக்கத் தெரியல சார். நடுவுல நடுவுல போன் வருதுன்னு எந்திரிச்சுப் போயிடறார். மணியே அடிக்கல, போன் வருதுங்கறார்.

அப்புறம் ஒரு மத்தியானம் கரண்ட் போச்சு. என்னன்னு கேட்டுட்டு வரலாம்னு படியிறங்கினேன். பாதிப் படியில கண்ணு இருட்டிக்கிட்டு வந்தது தெரியும். அவ்வளவுதான். முழிச்சுப் பார்த்தா தரையில கிடக்கேன். அந்த மீன்காரம்மா எக்ஸ்ரே கவரால எனக்கு விசிறிக்கிட்டு இருக்காங்க. இம்தியாஸ் ஒரு டம்ளர்ல உப்பும் சர்க்கரையும் கலக்கி வாயில ஊத்தறார். அந்தம்மா அவங்க பாஷையில ஏதோ கேட்டாங்க.

"என்ன சொல்றாங்க?"ன்னேன்.

"உங்ககூட யாரும் வரலையான்னு கேக்கறாங்க சார்"னார்.

டம்ளரை வாங்கி முகத்தை மறைச்சுக்கிட்டே குடிச்சேன். கண்ணுலகூட வேர்த்துச்சு. வெயில்தான், வேறென்ன.

இம்தியாஸ்தான் என் போனை எடுத்து வேணியைக் கூப்பிட்டிருக்கார். ஆட்டோவுலேருந்து இறங்கி ஓடி வர்றா, எனக்கு அடையாளமே தெரியல. அக்காவோட புடவை, தலை நிறைய மல்லி, முகம் பளபளன்னு. வெயில்ல எப்படி சார் ஒரு மனுஷி இப்படிப் பூரிச்சுப் போவா? என் நெத்தியைத் தொட்டுப் பார்த்தா. பதறிட்டா, அதையும் சொல்லணும், கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் அந்தக் கல்கத்தா அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டா. இவளுக்கு அந்தப் பாஷை தெரியாது, அவங்களுக்கு இந்தப் பாஷை தெரியாது. ஆனா கொஞ்ச நேரத்துல என்கிட்ட திரும்பி, "அவங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம், கண்ணு முழிச்சுட்டாராம்"கறா. இத்தனை நாள் சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன், எனக்கு மீன் மட்டும்தான் தெரியும்.

அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வெச்சாங்க. மாமர நிழல், மோர், எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கிடைச்சுதுடா நேரம்னு, "அந்த இம்தியாஸ் என்ன பண்ணார் தெரியுமா வேணி"ன்னு ஆரம்பிச்சேன். "டாக்டர் உங்களைப் பேசக் கூடாதுன்னிருக்கார்"னா. எந்த டாக்டர்? நாங்க டாக்டர்கிட்ட போகவே இல்லையே!

ரெண்டு நாள்ல தெளிஞ்சுட்டேன். போதும் வேணி, கிளம்பு, ஊட்டிக்கே போயிடலாம்னேன். முறத்துல எதையோ புடைச்சுக்கிட்டே, "நீங்க போங்க. எனக்கு இன்னும் லீவு முடியல"ங்கறா.

"உனக்கு ஏது லீவு? நீ எந்த ஆபீஸ்ல வேலை பாக்கறே?"

அவ அக்காவைப் பார்த்தா. சுலோச்சனா அண்ணாந்து ஃபேனைப் பார்த்தாங்க. ரெண்டு பேருக்கும் சிரிப்பு முட்டிக்கிட்டு வருது. அக்கா தங்கைக்குள்ள ஏதோ பழைய கதை போலிருக்கு.

"சரி, எப்ப வருவே?"ன்னேன்.

"சீசன் முடியட்டும்."

"முதலாளி வேற உன்னையே கேக்கறார். கொஞ்சம் முன்னாடியே வரப் பாரேன்."

"பாக்கறேன்"னா.

பார்ப்பா சார். சொன்னா செய்யறவ. அக்காவுக்கு வடாம், வத்தல்னு ஒத்தாசை வேணும்போல, அதை வெளிய சொல்லிக்காம லீவு அது இதுங்கறா.

நேத்து லாட்ஜைக் காலி பண்ணப் போனேன். இம்தியாஸ் பெட்டியை அவரே தூக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தார். ஆட்டோ பிடிச்சுக் குடுத்தார். ரெண்டு கையையும் ஆட்டி, "நல்லபடியாப் போயிட்டு வாங்க சார், மறுபடியும் வரணும்"னார். எனக்குத் தெரியாதா அது? சீசன்ல சில கெஸ்ட்டு இருப்பாங்க சார், உயிரை எடுத்துடுவாங்க. அவங்க காலி பண்ணும்போது நானும் இப்படித்தான், வாசல் வரைக்கும் போய், முகமெல்லாம் பல்லாக் கையாட்டுவேன். வண்டி வளைவுல திரும்பினதும் நேரா டீக்கடைக்குப் போய் நின்னுக்கிட்டே ஒரு டீ அடிப்பேன் பாருங்க, அந்த மாதிரி டீ வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் அமையும். ஆட்டோ திரும்பும்போது தற்செயலா எட்டிப் பார்த்தேன். இம்தியாஸ் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போயிட்டு இருந்தார். யாரோ ஒரு மோசமான கெஸ்ட்டு நேத்து காலி பண்ணியிருக்காங்க. யாருன்னு தெரியல. நான் அங்க இருந்த வரைக்கும் அப்படி யாரும் என் கண்ணுல படல.

பஸ் ஸ்டாண்டுக்கு வேணி வந்திருந்தா, அக்காவோட. தயிர் சாதம் கட்டிக் குடுத்தா, தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தா, பெட்டியை மேல வெச்சுட்டு ஜன்னலுக்குக் கீழயே நின்னா. சீக்கிரம் வந்துடுன்னேன். வண்டி சத்தத்துல அவளுக்குக் கேக்கலைன்னு நினைக்கறேன். வண்டி நகர்ந்ததும் கையாட்டினா சார். ஒரு கையில்ல, ரெண்டு கையையும் தூக்கி, முகமெல்லாம் சிரிப்பா. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவ எனக்கு அப்படிக் கையாட்டினதே இல்ல. பாவம், நான் அழுதுடுவேன்னு பயந்து சிரிச்சிருக்கா.

வண்டி கேட்டுல திரும்பும்போது பார்த்தேன். அக்காவும் தங்கையும் கையைக் கோத்துக்கிட்டு நேரா டீக்கடைக்குப் போறாங்க. வேணி காபி குடிக்கறவ சார், டீயைத் தொடவே மாட்டா. அதுவும் வேலூர்ல, உச்சி வெயில்ல, கொதிக்கக் கொதிக்க டீ. என்னன்னு சொல்றது, போங்க. துக்கம்னு வந்துட்டா மனுஷங்களுக்கு என்ன செய்யறோம்னே தெரியறதில்ல.